பிரேக் காக்கா கட்டிய கம்பியூட்டர்

கம்பியூட்டரில் கேம் விளையாடுவதற்கு சீட் பெல்ட் போட்டுக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். பெல்ட் என்றால் உண்மையான பெல்ட். பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மரக்கதிரையில் ஆணியடித்துப் பூட்டியது. அதை மாட்டி, 'டக்' என்ற சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கம்பியூட்டரில் கை வைப்பார்.

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் எங்கள் ஒழுங்கையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். பிரேக் காக்கா என்றால் கல்முனை பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் மாட்டுக்கும் தெரியும். கல்முனைக்கும் கொழும்புக்கும் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் ட்ரைவர். மற்ற ட்ரைவர்மார் ஹோனில் கையை வைத்து ஓட்டுவார்கள். இவர் பிரேக்கில் காலை வைத்து ஓட்டுவார். நாய்க்குப் பிரேக், கோழிக்குப் பிரேக், ரோட்டில் காயப்போட்ட நெல்லுக்குப் பிரேக். மகியங்கனைப் பக்கம் ஒரு தலகொய்யா உடும்பு ரோட்டைக் கடந்து முடிந்த பிறகும் பஸ்ஸை எடுக்காமல் நின்றாராம். பின்னால் வந்த லொறிக்காரன் இறங்கி வந்து ஏசியிருக்கிறான்.

"அது என்னத்தையும் மறந்து போட்டு வந்திரிக்கும். திரும்பி வந்தாலும் வரும்," என்று இவர் பதில் சொன்னாராம்.

கொழும்பில் காலையில் கந்தோர் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவருடைய பஸ்ஸில் ஏறவே மாட்டார்கள். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரிகளும், கண் ஒப்பரேஷனுக்குப் போகும் வயசாளிகளும் அவர் எந்த நாள் ஓடுகிறார் என்று விசாரித்து வைத்திருந்து சீட் போடுவார்கள்.

அந்த பிரேக் காலைத்தான் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு கொண்டுபோனது. முதலில் விரலில் ஒரு சின்னப் புண். செருப்புக் கடித்தது என்றார். பிறகு பாதம் கறுத்தது. கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய அன்று நான் பார்க்கப் போனேன். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"அக்சிலேட்டரும் போயிட்டு, பிரேக்கும் போயிட்டு தம்பி. கிளச்சுக் கால் மட்டும் மிச்சம் வெச்சிரிக்காங்க," என்றார்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கத் தேவையில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் நெடுநாள் வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டார். ஊசி போட்டால் கையை நீட்டினார். அவருடைய மனைவி பரீதா மதினி, கலியாணம் முடித்த காலத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் புருஷனைக் கண்டவர். இப்போது நாள் முழுக்கக் கண்முன்னால் ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை. ஒரே மகள் புருஷனோடு கட்டாரில். அவள் வீடியோ கோல் எடுத்தால் காக்கா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார்.

ஒரு நாள் அந்தியில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு பெரிய ரோட்டில் கொழும்பு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவர் ஓட்டிய பஸ்தான். ஹோன் சத்தத்தில் ஆளுக்குக் கால் இல்லாதது மறந்துபோய்விட்டது. கட்டிலை விட்டு எழும்பி ஓரடி வைத்திருக்கிறார். விழுந்த சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். நெற்றி உடைந்து இரத்தம். அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து மெல்லச் சொன்னார். "தம்பி, இந்த மனிசன் வாயத் தொறந்து என்னத்தக் கேட்டாலும் நான் குடுப்பன். அல்லாஹ்வுக்காகச் சொல்றன். வாயத் தொறந்தாப் போதும்."

வாய் திறந்தது. புண் கட்டும் கிளினிக்குக்கு மதினி அவரை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போன ஒரு நாள், பக்கத்து வாங்குப் பலகையிலிருந்த ஒருவர் போனில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றை விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார். காக்கா கொஞ்ச நேரம் சும்மா பார்த்திருக்கிறார். அந்த ஆள் வளைவில் ஒரு லொறியை முந்தியதும் தாங்க முடியவில்லை.

"லைசன் எங்க எடுத்த நீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாதக் கணக்கில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்த ஆள் நல்லவர். இது போன், இதில் சரியாக ஓட்ட வராது, கம்பியூட்டரில் என்றால் உண்மையான பஸ் மாதிரியே இருக்கும், ஆனால் சும்மா கம்பியூட்டர் காணாது, கேமிங் கம்பியூட்டர் வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். வரும் வழியில் ஓட்டோவுக்குள்ளேயே காக்கா மதினியிடம் கேட்டுவிட்டார்.

"இஞ்ச, எனக்கொரு கம்பியூட்டர் வேணும்."

மதினி அழுதுகொண்டே ஓம் என்றாராம். என்ன கேட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது.

கட்டி விற்கும் கேமிங் கம்பியூட்டரின் விலையைக் கேட்டுவிட்டு, அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் மறுபடி கதைக்கவில்லை. சாமான்களைத் தனித்தனியாக, முடிந்த இடத்தில் பழையதாக வாங்கி நாமே பொருத்திப் பூட்டலாம் என்று காக்கா போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தார். வீடியோக்களில் பாதி சிங்களம், மீதி இந்தி. சிங்களம் அவருக்கு பஸ் நிலையத்து அளவுக்குத் தெரியும். இந்தி அறவே தெரியாது. உதவிக்கு என்னைப் பிடித்தார். நான் கல்முனையில் ஒரு கந்தோரில் லிகிதர். பகல் முழுக்க கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறவன். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை என்று சொன்னேன்.

"நானும் பாக்கல்லத்தானே. ரெண்டு பேரும் சேந்து பாப்பம்," என்றார்.

படத்தைக் காட்டும் கிரபிக்ஸ் கார்ட்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று வீடியோக்காரர்கள் எல்லா மொழியிலும் சொன்னார்கள். அக்கரைப்பற்றில் நெட் கபே ஒன்றை மூடிவிட்ட ஒருவரிடம் பழைய கார்ட் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓட்டோவில் போனோம். காக்காவால் இறங்கி ஏற முடியாது. கடைக்காரர் கார்ட்டை ஓட்டோவுக்கே கொண்டுவந்தார். காக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு காற்றாடிகளையும் விரலால் சுழற்றிக் காதுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு மூக்கில் வைத்து நீளமாக முகர்ந்தார்.

"அக்சிடன் பட்ட சாமானா?"

"காக்கா, இது கார்ட்டு. இதுக்கு என்ன அக்சிடன்?" என்றார் கடைக்காரர்.

"காத்தாடி வெச்சிரிக்கி. அப்ப சூடாகிற சாமான்தான். சூடாகிற சாமான் எரியும். எரிஞ்சா மணக்கும்." இன்னொரு தரம் முகர்ந்தார். "இது மணக்கல்ல. எடுப்பம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

பூட்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். சீதனமாகக் கொடுத்த வீடு. ஆகவே சாப்பாட்டு மேசையைப் பாவிக்க மதினியிடம் முறையாக அனுமதி கேட்கப்பட்டது. அவர் மேசைக்குப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டார். தொழுகைக்குப் போல என்னையும் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டு வரச் சொன்னார் காக்கா.

உடம்பில் இருக்கும் மின்சாரம் பாய்ந்தால் மதர்போர்ட் செத்துப்போகும், இரும்பு எதையாவது தொட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். காக்கா அதை நூற்றுக்கு நூறு நம்பினார். அதனால் நான் அன்று முழுக்க இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருகாணி முறுக்கினேன். ஒழுங்கையால் போனவர்கள் என்னைப் பார்த்து, "என்ன, உள்ளுக்கு வெச்சிப் பூட்டிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். காக்காவின் பஸ் ஆயுதப் பெட்டியில் இருந்த ஸ்குரூட்ரைவர்கள் எல்லாம் லொறிச் சில்லுக் கழற்றும் அளவு. மதினி தன் தையல் மெஷினின் சின்ன ஸ்குரூட்ரைவரைக் கொண்டுவந்து தந்தார்.

புரொசசரை வெளியே எடுத்ததும் காக்கா ஏமாந்துபோனார். "இதுதான் எஞ்சினா? பிஸ்கட் மாதிரி இரிக்கி." ஆனால் அதை அதன் குழியில் வைத்து, இரும்பு நெம்புகோலைக் கீழே அமத்தும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தது. ஏதோ எலும்பு முறிகிற மாதிரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிஸ்மில்லாஹ் சொன்னோம். மதினி கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். சொன்னாலும் பயம் பயம்தான்.

அதற்கு மேல் பசை பூச வேண்டும். காக்கா அதை கிரீஸ் என்றார். எவ்வளவு பூசுவது என்பதில் சண்டை வந்தது. சிங்கள வீடியோக்காரர் கடலை அளவு என்று சொன்னார். இந்திக்காரர் விரலால் காட்டியது பயறு அளவு. மதினி குசினிக்குப் போய் ஒரு கடலையையும் ஒரு பயறையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ரெண்டுக்கும் நடுவில போடுங்க," என்றார். அப்படியே போட்டோம்.

எல்லாம் பூட்டி முடிந்தபோது ஒரு திருகாணி மிஞ்சியது. நான் அதைச் சேர்ட் பொக்கட்டில் போடப் பார்த்தேன்.

"ஆணி மிஞ்சின வண்டிய நான் ரோட்டுக்கு எடுக்கமாட்டன்," என்றார் காக்கா.

முழுவதையும் கழற்றினோம். திரும்பப் பூட்டினோம். அப்போதும் அதே திருகாணி மிஞ்சியது. மேலதிகமாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. காக்கா அதை ஒரு நூலில் கட்டி, கேசிங்கின் உள்ளேயே தொங்கவிட்டார். அதற்குச் சொந்தமான வண்டியை விட்டு அது வெளியே போகக் கூடாதாம்.

அசறுத் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு பட்டனை அமத்தினோம். காற்றாடிகள் சுழன்றன. உள்ளே ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. நிறுத்தி மறுபடி அமத்தினோம். கறுப்பு. வயர்களை இழுத்துப் பார்த்தோம். கறுப்பு. காக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு போனதைப் பார்த்தேன். யாரையும் குறை சொல்லவில்லை. ஊன்றுகோலை எடுத்தார்.

"சரி தம்பி. நீங்க போய்த் தொழுங்க," என்றார். போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டாள், "கம்பியூட்டர்தானே, இப்பிடி ஏன் யோசிக்கிறீங்க?" கம்பியூட்டராக இருந்திருந்தால் யோசித்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் பகல் மதினி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், காக்கா சாப்பாட்டு மேசையில் தலையை வைத்துப் படுத்த மாதிரி, கேசிங்கில் காதை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கதைக்காதீங்க. கேளுங்க," என்றார்.

நானும் காதை வைத்தேன். காற்றாடிச் சத்தத்துக்கு அடியில் 'பீப்' என்று மெல்லிதாக ஒன்று விட்டு விட்டுக் கேட்டது.

"செத்த வண்டி கத்தாது தம்பி. இது என்னவோ சொல்லுது. எங்கயோ ஒண்டு சரியா இறுகல்ல. ஒவ்வொண்டா அமத்திப் பாப்பம்."

கரண்ட்டை நிறுத்தி, நான் மறுபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமத்திக்கொண்டே வந்தார். மெமரிப் பலகையில் வந்தபோது அது 'டக்' என்று உள்ளே போனது. நாங்கள் அதைப் பாதிதான் சொருகியிருந்திருக்கிறோம். உடைந்துவிடும் என்று பயந்து அமத்தாமல் விட்டது. பட்டனை அமத்தினோம். திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன.

காக்கா மதினியைப் பார்த்துச் சொன்னார். "பரீதா, பிளேன்டீ போடு கா. எல்லாருக்கும்."

அந்த வீட்டில் அவர் ஒன்றைக் கேட்டுக் குடித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஒழுங்கைக்கு உண்மையான கூத்து வந்தது. கேமுக்கென்று விற்கும் ஸ்டீயரிங் ஒன்றை வாங்கினோம். காக்கா அதைப் பார்த்து, "இது சின்னப் புள்ளட சைக்கிள் சில்லு," என்றார். பஸ் முதலாளியிடம் சொல்லி, கராஜில் கிடந்த பழைய பஸ் ஸ்டீயரிங்கை வாங்கி, வெல்டிங்காரரைக் கொண்டு இதன் மேல் பூட்டினார். மேசை அரைவாசி அதற்கே போனது. மிதிகள் இரண்டு வந்திருந்தன, பிரேக்கும் அக்சிலேட்டரும். இடது காலால் இரண்டையும் மிதிக்கலாமே என்றேன்.

"வலது காலால ரெண்டையும் மிதிக்கலாம், இடது காலால மிதிக்கேலா. அது வேற பழக்கம். பிழையான நேரத்தில பிழையானத மிதிச்சிரும்," என்றார். இடது காலைப் பிரேக்கில் மட்டும் வைத்தார். அக்சிலேட்டரை மதினியிடம் கொடுத்தார்.

அப்படித்தான் பரீதா மதினி கதிரைக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, கையால் அக்சிலேட்டரை அமத்த ஆரம்பித்தார். "கொஞ்சம் எடு," என்பார் காக்கா. மதினி அமத்துவார். "விடு," என்பார். மதினி விடுவார். "பரீதா, விடு எண்டன்." "விட்டுட்டன், விட்டுட்டன். உங்கட பஸ்தான் நிக்கிதில்ல." பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளில் ஒழுங்கைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பஸ் வெளிக்கிட்ட பிறகு வருகிறவர் கதவருகில் நிற்க வேண்டும். அடுத்த தரிப்பிடம் வந்தால்தான் உட்கார விடுவார். அப்படி நான் பல முறை நின்றிருக்கிறேன்.

கேமில் முதலில் கிடைத்தது வெள்ளைக்காரர்களின் நாடு. அங்கே எல்லா வாகனமும் வலது பக்கத்தால் போகும். காக்கா இடது பக்கத்தால் போனார். எதிரே வந்த ஒவ்வொன்றும் மோதியது.

"ஒரு ஊரே பிழையான பக்கத்தால போகுது, கேக்க ஆளில்ல," என்று ஏசினார்.

ஒரு மலைப்பாதை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. பனி என்றேன். அவர் நம்பவில்லை. "ஆரோ லொறியில உப்பு ஏத்திக்கொண்டு போய்க் கொட்டிரிக்கான்," என்று சொல்லி அந்தப் பாதை முடியும் வரைக்கும் உருட்டிக்கொண்டே போனார். தொழுகை நேரம் வந்தால் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தொழப் போவார். திரும்பி வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. கேமுக்குள் இருக்கும் பயணிகள் நேரம் போகிறதென்று முறைப்பாடு எழுதுவார்கள். எழுத்து திரையில் வரும். அதை நான் வாசித்துச் சொன்னால், "கொழும்புக்குப் போறவனும் இதத்தான் சொல்லுவான்," என்பார்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் நம் நாட்டு மலைப்பாதையைப் போல ஒன்றைச் செய்து நெட்டில் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். இறக்கிக் கொடுத்தேன். கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவு மாதிரியே வளைவுகள். அன்று காக்கா ஒரு பகிடியும் விடவில்லை. யாரையும் ஏசவில்லை. மதினிக்குக் கட்டளைகூட மெல்லத்தான் சொன்னார். மேலே ஏறி முடிந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். கட்டாரிலிருந்து மகள் கோல் எடுத்தபோது, போர்வையை இழுக்காமல் அவரே போனை வாங்கி, "வாப்பா இப்பதான் கண்டிக்கு ஏறி வந்தன் மகள்," என்றார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

இது ஒரு வருடம் போல நடந்தது. நல்ல வருடம்.

சீனி வருத்தம் காலோடு நிற்கவில்லை. கண்ணுக்கும் ஏறியது. முதலில் எதிரே வரும் வாகனத்தைக் காக்கா பிந்திக் கண்டார். திரை மங்கல் என்றார். நான் துடைத்துக் கொடுத்தேன். திரைக்குக் கிட்டக் கதிரையை இழுத்தார். இன்னும் கிட்ட இழுத்தார். ஒரு நாள் கேமுக்குள் ரோட்டைக் கடந்த ஒரு மனிதனின் மேல் பஸ் ஏறிவிட்டது. கேமில் அது ஒன்றுமில்லை. அந்த மனிதன் மறைந்துபோய்விடுவான், பஸ் ஓடும். காக்கா மிதியிலிருந்து காலை எடுத்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நான் இனி ஓட்டமாட்டன்," என்றார். "கண்ணில்லாதவன் வண்டி ஓட்டக்கூடா."

இது கேம்தானே என்று சொல்லப் பின்னால் இருந்த எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மதினிதான் பாயை விட்டு எழும்பினார்.

"தள்ளுங்க," என்றார்.

"எங்க?"

"கதிரையத் தாங்க. நான் ஓட்டுறன். நீங்க பாத சொல்லுங்க."

காக்கா எழும்பினார். ஆனால் மதினிக்குப் பெல்ட்டைத் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

பரீதா மதினிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அவர் இரண்டு கையாலும் அந்தப் பெரிய ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காதில் வந்த கட்டளைக்கெல்லாம் திருப்பினார். பக்கத்தில் காக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திறந்திருந்தாலும் ஒன்றுதான். எஞ்சின் சத்தத்தை வைத்தே பஸ் ஏற்றத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று சொல்லுவார். "இப்ப வலப்பக்கம் வளைவு வருதா?" "வருது." "அரைவாசி வெட்டு. மறுகா நேராக்கு." "நேராக்கிட்டன்." "இப்ப இடப்பக்கம் ஒரு சின்னக் கட இரிக்கும். கிழவி ஒண்டு சோளம் அவிச்சி விப்பா."

மதினி திரையைப் பார்த்தார். "கட இல்லீங்க. மரந்தான் இரிக்கி."

"கேம் செஞ்சவன் அந்தக் கடைய மறந்திட்டான்," என்றார் காக்கா. "நீ மெதுவாப் போ. கிழவி ரோட்டோரத்திலதான் நிப்பா."

மதினி மெதுவாகப் போனார்.

ஒவ்வொரு நாளும் அசறுக்குப் பிறகு அவர்கள் அப்படிக் கண்டிக்கு ஏறினார்கள். பின்னால் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மதினி ஓட்டினால் பஸ் பள்ளத்தில் விழும், திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. காக்கா ஒரு நாளும் ஏசவில்லை. "பரவால்ல, திரும்ப எடு," என்பார். பஸ் நிலையமே பயந்த வாய் அது.

பிறகு சிறுநீரகம். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசி முறை போனபோது நான் வார்டுக்குப் போனேன். முகம் வீங்கி ஆள் அடையாளமே தெரியவில்லை. என் குரலை வைத்து ஆளைப் பிடித்தார்.

"தம்பி, அத நெடுக நிப்பாட்டி வெக்க வேணாமெண்டு மதினிக்கிட்டச் சொல்லுங்க. ஓடாத வண்டி பழுதாப் போகும்."

"நீங்க வந்து ஓட்டுவீங்க காக்கா."

"ஓம், ஓம்," என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னார். இரண்டு நாளில் விடியல் சுபஹுக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸாவுக்கு ட்ரைவர்மாரும் கொண்டக்டர்மாரும் வந்தார்கள். கொழும்பிலிருந்து அன்று காலை வந்து சேர்ந்த பஸ், ஆட்களை இறக்கிவிட்டு நேரே எங்கள் ஒழுங்கை முனைக்கு வந்து நின்றது. உள்ளே வர இடமில்லை. இறங்கி நடந்து வந்தார்கள். உறக்கம் இல்லாத கண்களோடு முறை வைத்துச் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றி மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். மகள் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் வாப்பாவின் கதிரையில் போய் உட்கார்ந்து அந்தப் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உம்மாவைத் தன்னோடு வரச் சொன்னாள். மதினி போகவில்லை.

மதினி புருஷனுக்காக வெளி ஆண்களைக் காணாமல் இத்தா இருந்த காலம் முழுக்க நான் அந்த வீட்டுக்குப் போக முடியாது. என் மனைவிதான் போய்வந்தாள். கம்பியூட்டர் சத்தம் ஒரு நாளும் கேட்கவில்லை. இத்தா முடிந்து கொஞ்ச நாளில் மதினி ஆள் அனுப்பினார். போட்டால் கம்பியூட்டர் எரியுதில்லையாம். என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

காக்கா இல்லாமல் அந்தக் கேசிங்கை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே கடற்கரைத் தூசி ஒரு விரல் அளவுக்குப் படிந்திருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன். பட்டனைத் தட்டியதும் காற்றாடிகள் சுழன்றன. திரை வந்தது. மலைப்பாதையின் அடிவாரத்தில், அவர்கள் கடைசியாக நிறுத்திய இடத்தில் பஸ் நின்றது.

"நீங்க ஓட்டுங்க மதினி," என்றேன்.

"எனக்கு ஏலா தம்பி. ஆரும் பாத சொல்லாம எனக்கு ஓட்டத் தெரியா. நீங்க ஓட்டுங்க. நான் இதில இருந்து பாக்கன்."

அவர் என் மனைவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். நான் பஸ்ஸை எடுத்தேன். எனக்கு வாகனம் ஓட்டிப் பழக்கமில்லை. தட்டுத் தடுமாறி முதல் வளைவில் ஏறினேன். பின்னால் மதினி என் மனைவியிடம் மெல்லச் சொல்வது கேட்டது.

"அவர்ர பஸ்ஸில நான் ஒருக்காத்தான் கொழும்புக்குப் போயிரிக்கன், கலியாணம் முடிஞ்ச புதுசில. ஊரெல்லாம் காட்டுறன் எண்டு முன் சீட்டில இருத்தினாரு. அம்பாறை தாண்டல்ல, நான் நித்திர. ஒரு ஊரும் காணல்ல. கொழும்பு வந்துதான் எழுப்பினாரு. வழியில எழுப்ப மனம் வரல்லயாம்."

அதற்குப் பிறகு பேச்சுச் சத்தம் இல்லை. பாதி ஏற்றத்தில் என் மனைவி என் தோளைத் தொட்டு, பின்னால் பார்க்கும்படி சைகை காட்டினாள். மதினி சுவரில் தலையைச் சாய்த்து உறங்கிப்போயிருந்தார். காக்கா போன பிறகு அவர் சரியாக உறங்குவதில்லை என்று அவள் முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள்.

நான் நிறுத்தவில்லை. எஞ்சின் சத்தம் மாறிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். வளைவுகளில் பஸ் குலுங்கிச் சத்தம் மாறும்போதெல்லாம் மதினி லேசாக அசைந்தார். காக்கா ஓட்டியிருந்தால் அந்தக் குலுக்கமும் இருந்திருக்காது.